சட்ட நுழைவுப் பரீட்சை: தருக்கப் பகுதிக்கு எந்தப் புத்தகத்தை வாங்குவது?

யாழ்ப்பாணத்தில் ஒரு புத்தகக் கடைக்குப் போய் "லொஜிக்கல் ரீசனிங் புத்தகம் இருக்கா?" என்று கேட்டால், பெரும்பாலும் தடித்த இந்தியப் புத்தகம் ஒன்றைத்தான் எடுத்துத் தருவார்கள். எண்தொடர், இரத்த உறவு, திசை, குறியீட்டு மொழி, வட்டமேசையைச் சுற்றி எட்டுப் பேர் என்று எல்லாம் இருக்கும். வங்கிப் பரீட்சைக்கு அது நல்ல புத்தகம். கனடா, அமெரிக்காச் சட்டப் படிப்புக்கான எல்சற் (LSAT) பரீட்சைக்கு அந்த அத்தியாயங்கள் பொருந்தாது. பரீட்சையின் பெயரைச் சொல்லாமல் புத்தகம் கேட்பதில்தான் காசும் காலமும் வீணாகத் தொடங்குகின்றன.

முதலில் பரீட்சையைத் தீர்மானியுங்கள்

இலங்கைச் சட்டக்கல்லூரி நுழைவுப் பரீட்சையில் மொழித்தாளோடு பொதுஅறிவும் நுண்ணறிவும் கொண்ட தாளும் உண்டு. அதற்குக் கடந்தகால வினாத்தாள்களும் உள்ளூர் நுண்ணறிவுப் பயிற்சிப் புத்தகம் ஒன்றும் போதும். எல்சற் வழிகாட்டி தேவையில்லை. யாழ். பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க உயர்தர இசற் புள்ளிதான் (Z-score) வழி.

கனடா, அமெரிக்கா என்றால் எல்சற். ஒக்ஸ்போர்ட், எல்.எஸ்.ஈ. போன்ற இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் எல்நற் (LNAT) என்ற சட்ட நுழைவுப் பரீட்சையைக் கேட்கும். அதில் 12 வாசிப்புப் பகுதிகள், 42 வினாக்கள், 95 நிமிடம், பிறகு 40 நிமிடக் கட்டுரை. இந்தியாவின் சட்ட நுழைவுப் பரீட்சையான கிளாற்றில் (CLAT) 120 வினாக்களுக்கு 120 நிமிடம், அதில் தருக்கம் 22 முதல் 26 வினாக்கள், பிழையான விடை ஒன்றுக்கு 0.25 புள்ளி குறையும். கிளாற் 2020இலிருந்து பந்தி வாசித்து விடை எழுதும் முறைக்கு மாறிவிட்டது. அதற்கு முந்திய கிளாற் புத்தகங்களை மலிவாகக் கிடைத்தாலும் எடுக்க வேண்டாம். வெளிநாட்டு மாணவருக்கு அங்கே பல இடங்களில் தனி வழி இருப்பதால், புத்தகம் தேடமுன் அந்தப் பல்கலைக்கழகத்தின் அறிவித்தலை வாசியுங்கள்.

இனி வருவது எல்சற் எடுப்பவர்களுக்கு. எல்நற் எடுப்பவர்களுக்கும் எடுகோள் (வாதம் வெளியே சொல்லாமல் உண்மையென்று எடுத்துக்கொள்வது) பற்றிய பகுதி அப்படியே பொருந்தும்.

கனடாவிலிருந்து வந்த பழைய புத்தகம்

மாமா, சித்தி யாராவது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த எல்சற் புத்தகம் பல வீடுகளில் இருக்கிறது. 2024 ஓகஸ்ட்டுடன் பரீட்சை மாறிவிட்டது. "ஆறு பேர் ஒரு வரிசையில் நிற்கிறார்கள், இன்னார் இன்னாருக்குப் பக்கத்தில் நிற்க முடியாது" என்று வரும் புதிர்ப் பகுதி முழுவதும் நீக்கப்பட்டது. இப்போது புள்ளி சேர்வது தருக்கப் பகுதி இரண்டுக்கும் வாசிப்புப் பகுதி ஒன்றுக்கும். இவற்றோடு புள்ளி சேராத பகுதி ஒன்றும் வரும், அது எதுவென்று எழுதும்போது தெரியாது. ஒவ்வொன்றும் 35 நிமிடம்.

ஆகவே புதிர் அத்தியாயங்களை ஒரு ரப்பர் பாண்ட் போட்டு மூடிவிடுங்கள். புத்தகத்தை எறிய வேண்டாம், தருக்க வினாக்களின் தன்மை மாறவில்லை. உண்மையான பழைய வினாத்தாள்கள் 10 கொண்ட தொகுப்பு கையில் இருந்தால், தாளுக்கு இரண்டு தருக்கப் பகுதி, பகுதிக்கு ஏறக்குறைய 25 வினா என்று 500 வினாக்கள் வரை உங்களிடம் இருக்கின்றன. இது பெரிய சொத்து.

போட்டோக்கொப்பியாக வரும் புத்தகங்களில் அச்சான ஆண்டு உள்ள பக்கம் பெரும்பாலும் இருக்காது. பொருளடக்கத்தில் அந்த வரிசைப் புதிர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் பழைய அமைப்பு. கடைசிப் பக்கங்களையும் புரட்டிப் பாருங்கள், விடை விளக்கம் விடுபட்ட பிரதிதான் கூடுதலாகக் கைக்கு வரும். விளக்கம் இல்லாத பிரதியை இனாமாகத் தந்தாலும் வாங்க வேண்டாம்.

உண்மை வினாவா, சொந்த வினாவா?

இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. எல்சற்றை நடத்தும் எல்.எஸ்.ஏ.சி. வெளியிட்ட வினாக்கள்தான் பயிற்சிக்கு. வழிகாட்டி எழுதுபவர்கள் தாங்களே உருவாக்கும் வினாக்களில் சரியான விடை சில இடங்களில் வாதத்துக்கு உரியதாக இருக்கும், அல்லது பிழையான நான்கு விடைகளும் பார்த்தவுடனே விழுந்துவிடும். உண்மைத் தாளில் அந்த நான்கில் ஒன்று மிக நெருக்கமாக வந்து ஏமாற்றும். அந்த ஏமாற்றுக்குப் பழகுவதுதான் பயிற்சி.

லோ ஹப் என்ற அதிகாரபூர்வத் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்றைத் திறந்தால் சில முழுத் தாள்கள் கிடைக்கும். மற்றவற்றுக்கு வருடச் சந்தா. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், புத்தகத்தை விட்டுச் சந்தாவைக் கட்டுங்கள். பரீட்சையும் திரையில்தான் நடக்கிறது. கோடிடுவது, விடையை வெட்டுவது, வினாவைக் குறித்துவைத்துத் திரும்பி வருவது எல்லாம் அதே திரையில் பழகும்.

எடுகோள் வினா: புத்தகத்தை இந்தப் பக்கத்தில் திறந்து பாருங்கள்

எந்த வழிகாட்டியையும் முதல் அத்தியாயத்தை வாசித்து மதிப்பிட முடியாது, முதல் அத்தியாயத்தை எல்லாரும் அழகாகத்தான் எழுதுவார்கள். எடுகோள் பற்றிய அத்தியாயத்துக்குப் போங்கள். எடுகோளில் இரண்டு வகை: வாதம் நிற்பதற்குக் கட்டாயம் தேவையானது, வாதத்தை முழுதாக நிறுவப் போதுமானது. ஆரம்பத்தில் அதிகம் பேர் தடுக்கி விழுவது இந்த இரண்டையும் ஒன்றாக எடுத்துத்தான். ஒரு வினாவை எடுத்துப் பார்ப்போம்.

"சந்தைக்குப் பின்னால் சைக்கிள் தரிப்பிடம் அமைக்கப்பட்டது. அதன்பின் சந்தை வீதியில் விபத்துகள் குறைந்தன. ஆகவே விபத்துகளைக் குறைத்தது தரிப்பிடமே." இந்த வாதத்துக்குக் கட்டாயம் தேவையான எடுகோள் எது?

(அ) சந்தைக்கு வருபவர்களில் சிலராவது தரிப்பிடத்தைப் பயன்படுத்தினர்.
(ஆ) எந்தச் சந்தையிலும் தரிப்பிடம் அமைத்தால் அதுவே விபத்துகளைக் குறைக்கும்.
(இ) தரிப்பிடம் அமைக்கப்பட்டதை வியாபாரிகள் வரவேற்றனர்.

பலரின் கை (ஆ)வுக்குப் போகும். அது வாதத்துக்குப் பெரிய பலம் போலத் தெரியும். அது உண்மையானால் முடிவு நிச்சயம் சரி, அதனால் அது போதுமான எடுகோள். ஆனால் தேவையானதா? மறுத்துப் பாருங்கள்: "எல்லாச் சந்தையிலும் அப்படி நடக்காது." இந்த ஒரு சந்தையில் நடந்திருக்கலாமே, வாதம் விழவில்லை. இனி (அ)வை மறுத்துப் பாருங்கள்: "ஒருவரும் தரிப்பிடத்தைப் பயன்படுத்தவில்லை." பயன்படுத்தப்படாத தரிப்பிடம் விபத்தை எப்படிக் குறைத்திருக்கும்? வாதம் அந்த இடத்திலேயே விழுகிறது. விடை (அ). (இ) உண்மையோ பொய்யோ வாதத்தைத் தொடவே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். தேவையான எடுகோள் பெரும்பாலும் "சிலராவது", "குறைந்தது ஒன்று", "முழுக் காரணம் அல்ல" என்று மென்மையாகப் பேசும். போதுமானது "எல்லா", "எப்போதும்" என்று உரத்துப் பேசும். இது விதி அல்ல, ஆனால் நேரம் நெருக்கும்போது எந்த விடையை முதலில் மறுத்துப் பார்ப்பது என்று இது காட்டும்.

உங்கள் கையில் உள்ள வழிகாட்டி இப்படியான வினாவுக்கு என்ன எழுதியிருக்கிறது? "சரியான விடை (அ), ஏனெனில் அது வாதத்துக்கு ஆதாரம்" என்று ஒரு வரியோடு நின்றால் புத்தகத்தைத் திருப்பி வையுங்கள். பிழையான விடை ஒவ்வொன்றும் ஏன் பிழை, எது ஏன் கவர்கிறது என்று சொல்லியிருந்தால் வாங்குங்கள். அட்டை, பக்க எண்ணிக்கை, "உறுதியான வெற்றி" எல்லாம் பிறகு.

எத்தனை புத்தகம், எப்படிப் பயன்படுத்துவது

முறை சொல்லித்தரும் வழிகாட்டி ஒன்று, உண்மை வினாக்கள். இவ்வளவுதான். இரண்டு வழிகாட்டி வைத்தால் ஒரே வினா வகைக்கு இரண்டு பெயர், இரண்டு குறியீட்டு முறை வந்து, பரீட்சை நேரத்தில் இரண்டும் மோதும்.

தொடக்கத்தில் மணிக்கூடு வேண்டாம். வினா வகை ஒன்றை வாசித்ததும் அதே வகையில் 15 முதல் 20 வினாக்களை நேரம் பாராமல் செய்யுங்கள். பிறகு முழுப் பகுதி ஒன்றை 50 நிமிடத்தில், பிறகு 40, கடைசியில் 35. 25 வினாக்களுக்கு 35 நிமிடம் என்றால் வினாவுக்கு 84 செக்கன் வரும். முன்பகுதி வினாக்கள் பொதுவாக இலகு, அவற்றில் மிச்சம் பிடித்ததைப் பின்பகுதியில் செலவழிக்க வேண்டும். பிழைக்குப் புள்ளி குறைக்கமாட்டார்கள் என்பதால் எதையும் வெறுமையாக விட வேண்டாம்.

திருத்தும் முறை: பகுதி முடிந்ததும் விடைப்பக்கத்தைத் திறக்காமல், சந்தேகமாக இருந்தவற்றை நேரக் கட்டுப்பாடின்றி மறுபடி செய்யுங்கள். அதன்பிறகே விடையைப் பாருங்கள். ஒரு சீ.ஆர். கொப்பியில் நான்கு கோடு: வினா வகை, நான் தெரிவுசெய்த விடை, அது ஏன் கவர்ந்தது, சரியானது ஏன் சரி. மூன்றாவது கோட்டில் "கவனக்குறைவு" என்று எழுதவே கூடாது. "முடிவுக்குப் பதில் ஆதாரத்தைப் பார்த்தேன்" என்று எழுதினால்தான் அடுத்த தரம் கண்ணில் படும். விளக்க வீடியோவை இந்தக் கோடுகளை நிரப்பிய பிறகு பாருங்கள். முன்னரே பார்த்தால் எல்லாம் விளங்கியதுபோல இருக்கும், மறுநாள் அதே வகை மறுபடி பிழைக்கும்.

பிற்சேர்க்கை

பழைய தொகுப்பைச் செய்துவிட்டு லோ ஹப்புக்குப் போனவர்கள் "இந்த வினாவை ஏற்கெனவே செய்திருக்கிறேனே" என்று எழுதியிருந்தார்கள். உண்மைதான். இப்போது 101இலிருந்து இலக்கமிட்டுள்ள தாள்கள், பழைய தாள்களின் பகுதிகளைப் புதிய அமைப்புக்கு ஏற்ப மறுபடி சேர்த்தவை. இலக்கம் புதிது, வினா பழையது. செய்த வினாக்கள் திரும்பி வந்தால் புள்ளி பொய்யாக ஏறும், அதை நம்பித் திகதி குறித்துவிடக் கூடாது. பழைய தொகுப்பில் வகை வகையாகப் பயிற்சி செய்யுங்கள். திரையில் நேரம் வைத்துச் செய்யும் முழுத் தாளுக்கு, அந்தத் தொகுப்பில் இல்லாத பகுதிகள் கொண்ட ஐந்தாறு தாள்களை முதலிலேயே ஒதுக்கி, பரீட்சைக்கு முந்திய ஆறு கிழமை வரைக்கும் தொடாமல் வைத்திருங்கள்.