கார் கால்மிதிக்கு அடியில் இருந்த வண்டல்

மன்னார்குடியில் 14 வருடப் பழைய கார் வாங்கினேன். 15 வருடம் முடிந்ததும் ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) புதுப்பிக்கக் கொண்டுபோனால், ஆய்வில் தேறவில்லை. ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை, ஹெட்லைட் மங்கல், தரைத்தகட்டில் துரு.

ஹேண்ட்பிரேக் கேபிளை இறுக்கியதும் சரியானது. மஞ்சளித்த ஹெட்லைட்டை 2000 நம்பர் எமரி தாளால் நனைத்துத் தேய்த்து, பாலிஷ் போட்டோம். தரைதான் படுத்திவிட்டது. கால்மிதியைத் தூக்கினால் காய்ந்து வெடித்த வண்டல். ஸ்க்ரூடிரைவரை அழுத்தினேன், பொத்தென்று உள்ளே போனது. வெள்ளத்தில் நின்ற வண்டி! அழுகியதை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தபிறகே தேறியது.

நம் டெல்டாவில் கார் வாங்குகிறவர்கள் தயவுசெய்து கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். அப்புறம் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். சேற்றுக்கறை அங்கேதான் ஒளிந்திருக்கும். டயரின் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் குறையக்கூடாது, அதையும் பாருங்கள்.