டீசல் காரின் முதல் ஸ்டார்ட்டை நீங்களே போடுங்கள்

பழைய டீசல் கார் பார்க்கப் போனால், அன்றைய முதல் ஸ்டார்ட்டை உங்கள் கையால் போடுங்கள். ‘காலையில் நான் வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள்’ என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுவது நல்லது.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது; அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. கம்ப்ரஷன் (காற்றை அழுத்தும் திறன்) குறைந்திருந்தாலோ டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகினாலோ, ஆறிய இன்ஜின் இழுத்து இழுத்துத்தான் பிடிக்கும், பிடித்த பிறகும் தடதடவென்று உதறும். வெண்புகை நிற்காமல் வந்தால் பெரும்பாலும் டீசல் சரியாக எரியவில்லை. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான இன்ஜினில் இதில் பாதி மறைந்துவிடும்.

சென்னை மே மாத வெயிலில் ஆறிய இன்ஜின் ஸ்டார்ட் ஆகச் சூடு தரும் குளோ பிளக்கின் பழுது முதல் ஸ்டார்ட்டிலும் தெரியாமல் போகலாம், அதை மெக்கானிக்கிடம் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், பிஎஸ்-6 புகை விதிப்படி வந்த வண்டிகளில், புகைக்குழாயில் இருக்கும் டிபிஎஃப் ஃபில்டர் கரும்புகையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற வண்டி என்றால் புகையை மட்டும் நம்பாமல் வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுகளைக் காட்டும் ஸ்கேனரும் போட்டுப் பாருங்கள்.