குழுவில் போட்ட செய்தி காணாமல் போகிறதா?

பெரும்போகத்துக்கு முன் வாய்க்கால் துப்பரவு என்றைக்கு என்பதை, எங்கள் வயல்களின் நீர்ப்பாசனத்தைக் கவனிக்கும் வட்டவிதானை வாட்ஸ்அப் குழுவில் குரல்பதிவாகப் போட்டார். அதன்மேல் பிறந்தநாள் வாழ்த்துகள், அக்கரைப்பற்றில் உர விலை, யாரோ அனுப்பிய யானை வீடியோ. அன்று பாதிப் பேர்தான் மண்வெட்டியோடு வந்தார்கள். மற்றவர்கள், “எப்போது சொன்னீர்கள்?” என்றார்கள். குரல்பதிவைச் சொல் தட்டித் தேடி எடுக்கவும் முடியாது.

ஆகவே தேதியை எழுத்தில் போடுங்கள். போட்டதும் அதை அழுத்திப் பிடித்து, மேலே நிலைநிறுத்தும் ‘பின்’ (Pin) வசதியைத் தட்டுங்கள். 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று காலத்தைத் தெரிவு செய்யலாம்.

பேச்சு பல திசையில் ஓடும் பெரிய குழு என்றால் டெலிகிராம் மேல் என்பேன். தண்ணீர், உரம், அறுவடை மெஷின் என்று ஒரே குழுவுக்குள் தனித்தனித் தலைப்புகள் திறக்கலாம். வேண்டாத தலைப்பின் ஒலியை மட்டும் அடக்கிவிடலாம். யானை வீடியோவுக்கும் ஒரு தலைப்பு கொடுத்துவிடுங்கள், தடுக்க முடியாது.

காசுக் கணக்குக்கு மட்டும் மின்னஞ்சல். ஒரு விடயத்துக்கு ஒரே தலைப்பு வரி. பதில் எழுதுபவர்கள் அதை மாற்றாமல் ‘அனைவருக்கும் பதில்’ கொடுத்தால், ஜிமெயில் எல்லாவற்றையும் ஒரே கோவையாக அடுக்கி வைக்கும். அடுத்த சிறுபோகத்தில் யாராவது கணக்குக் கேட்டால் “வாய்க்கால்” என்று தேடினால் போதும்.