தினமும் தோளில் போட ஒரு கேமரா பை

கேமரா பை வாங்கும்போது, வீட்டில் இருக்கும் எல்லா லென்ஸும் உள்ளே போகுமா என்றுதான் பலரும் பார்க்கிறார்கள். தினமும் தெருவில் படமெடுக்க அது தேவையே இல்லை. லென்ஸ் மாட்டிய ஒரு மிரர்லெஸ் பாடி (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கேமரா), கூடவே ஒரு 50 எம்எம் லென்ஸ், இரண்டு பேட்டரி. இதற்கு 5, 6 லிட்டர் ஸ்லிங் பை, அதாவது ஒற்றை வாரில் குறுக்காக மாட்டும் பை, தாராளம். பெரிய பை வாங்கினால் அதை நிரப்பத்தான் கை போகும்.

கடைக்குக் கேமராவோடு போங்கள். லென்ஸைக் கழற்றாமல் உள்ளே வைத்து ஜிப்பை மூடிப் பாருங்கள். இழுத்துப் பிடித்துத்தான் மூட வேண்டும் என்றால் அந்தப் பை வேண்டாம். பிறகு பையின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மறுபக்கம் விரல் தட்டுப்பட்டால் பஞ்சு போதாது. பேருந்தில் பையைக் கீழே வைக்கும்போது அடி விழுவது அங்கேதான். மூடி உடம்புப் பக்கம் திறக்காமல் வெளிப்பக்கமாகத் திறந்தால், நின்றபடியே கேமராவை எடுக்கலாம்.

மழை உறை தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். துணி நீரைத் தாங்கினாலும் ஜிப் வழியாகக் கசியும்.

சென்னை மாதிரி கடலோர ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று: வீட்டுக்கு வந்ததும் கேமராவைப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், லென்ஸில் பூஞ்சை வர அதுவே போதும். காற்றுப்புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பானால் மாற்றுங்கள், அல்லது சூடாக்கி உலர்த்துங்கள்.