இணையத்தில் பழைய உங்களைத் தேடிப் பிடிப்பது எப்படி

தன் பெயரை ஒரு தடவையாவது கூகுளில் தட்டிப் பார்க்காதவர்கள் குறைவு. தட்டியதும் ஃபேஸ்புக், லிங்க்ட்இன், அப்புறம் அதே பெயரில் ஒரு பல் மருத்துவர், ஒரு கபடி வீரர் என்று வரும். ‘சரி, நம்மைப் பற்றி ஒன்றுமில்லை’ என்று மூடிவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருநாள் எப்போதோ கைவிட்ட மின்னஞ்சல் முகவரியைச் சும்மா தேடிப் பார்த்தால், 2005-இல் நான் கையெழுத்துப் போட்ட ஓர் இணைய மனு வந்து நின்றது. முழுப் பெயர், முகவரி, கூடவே ஆவேசமாக நாலு வரி. எதற்காக அவ்வளவு கோபப்பட்டேன் என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை. அத்தனை நாளும் இன்றைய பெயரையே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன், இணையத்தில் கிடந்ததோ அன்றைய பெயர்.

அதனால் தேடுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, இதுவரை எந்தெந்தப் பெயர்களில் இருந்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். இதில் சோம்பல் படாதீர்கள், பாதி வேலை இதுதான். இனிஷியல் முன்னால், இனிஷியல் பின்னால், இனிஷியலை விரித்து அப்பா பெயரோடு, திருமணத்துக்கு முன், பின். ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு இருக்கிறது: லட்சுமிக்கு நடுவில் ‘எக்ஸ்’ போட்ட காலம் ஒன்று, ‘கே-எஸ்-எச்’ போட்ட காலம் ஒன்று. புனைபெயர்களையும் பழைய மின்னஞ்சல்களில் ‘அட்’ குறிக்கு முன்னால் இருந்த பகுதியையும் பழைய கைபேசி எண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் ஒரு பறவையின் பெயரோடு இரண்டு எண்களை ஒட்டிப் பத்து வருடம் எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்தியிருந்தேன். சொந்தப் பெயரைவிட அதில்தான் அதிகம் சிக்கியது.

இப்போது தேடலாம். உலாவியில் இன்காக்னிட்டோ சன்னலைத் திறந்துகொள்ளுங்கள், கணக்குக்குள் இருந்தபடி தேடினால் உங்களுக்கு ஏற்றபடி முடிவுகள் மாறி வரலாம். பெயரை இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். பல் மருத்துவர் தொல்லை தாங்கவில்லையென்றால், அவரோடு வரும் சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறி போதும். அடுத்து ‘ஃபைல்டைப்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, பிடிஎஃப் என்று சேர்த்துத் தேடுங்கள். தேர்வு முடிவுகள், கல்லூரி ஆண்டு மலர், போட்டியில் கலந்துகொண்டவர் பட்டியல், கருத்தரங்க நிகழ்ச்சி நிரல் எல்லாம் பிடிஎஃப்பில்தான் தூங்கிக்கொண்டிருக்கும். அதேபோல ‘பிஃபோர்’, முக்காற்புள்ளி, 2010 என்று கொடுத்தால் அதற்கு முந்தைய பக்கங்களைக் காட்டும். தேதி கூகுளின் ஊகம்தான், முழுக்க நம்ப வேண்டாம். கூகுளோடு நிறுத்தாமல் பிங், யாண்டெக்ஸிலும் பாருங்கள். பழைய புரொஃபைல் படம் கைவசம் இருந்தால் அதைப் படத்தை வைத்தே தேடித்தரும் டின்ஐ அல்லது கூகுள் லென்ஸில் ஏற்றிப் பாருங்கள்.

தமிழில் எழுதியவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறை பரவுவதற்கு முன்னால் டிஸ்கி, டாப், பாமினி என்று தளத்துக்கு ஒரு குறியாக்கம் இருந்தது. திரையில் தமிழாகத் தெரிந்தது உள்ளே வேறு எழுத்துகளாக இருக்கும். பாமினியில் ‘தமிழ்’ என்பது ஆங்கில விசைகளில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் உங்கள் கதையோ கவிதையோ எங்காவது வந்திருந்தால், இன்று யூனிகோடில் பெயரைத் தட்டினால் அகப்படாது. எழுத்துரு மாற்றி ஒன்றில் பெயரைக் கொடுத்து, வரும் குப்பை மாதிரியான எழுத்துகளை அப்படியே தேடுங்கள். தேடுபொறிகள் நிறுத்தற்குறிகளைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை என்பதால் சம்பந்தமில்லாததும் நிறைய வரும். பெயர் நீளமாக இருந்தால் பிழைத்தீர்கள்.

மூடப்பட்ட தளங்களுக்கு, இணையப் பக்கங்களின் பழைய நகல்களைக் காட்டும் வேபேக் மெஷின். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பு 1996 முதல் சேகரித்துவருவதை 2001-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஜியோசிட்டீஸ் 2009-இல் போனது, ஆர்குட் 2014-இல், கூகுள் பிளஸ் 2019-இல், யாஹூ குரூப்ஸ் 2020-இல். அங்கேயெல்லாம் இருந்தவற்றில் கொஞ்சம் இதில் கிடைக்கலாம். ஆனால் இங்கே உங்கள் பெயரைப் போட்டுப் பக்கங்களுக்குள் தேட முடியாது, அந்தப் பக்கத்தின் முகவரி வேண்டும். அது கிடைக்கும் இடம் உங்கள் பழைய மின்னஞ்சல் பெட்டிதான். அதில் ‘வெல்கம்’, ‘வெரிஃபை’, ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ என்று தேடுங்கள், எப்போது சேர்ந்தோம் என்றே தெரியாத தளங்கள் வரிசையாக எழுந்து வரும். இணையப் பாதுகாப்பு நிபுணர் ட்ராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்திலும் பழைய மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். எந்தத் தளங்களின் தகவல் கசிவில் அந்த முகவரி இருந்தது என்று சொல்லும். மறந்துபோன கணக்குகளின் பட்டியலாகவும் அது உதவும்.

கண்டுபிடித்ததும் அழிக்க ஓடாதீர்கள். முதலில் உங்கள் கணினியில் ஒரு நகல் எடுத்து வையுங்கள், பின்னால் தேடுவீர்கள். அழிக்க நினைக்கும் பக்கத்தைத் தவறியும் வேபேக் மெஷினில் சேமித்துவிடாதீர்கள், நான் செய்த முட்டாள்தனம் அது. பழைய கணக்கை மூடுவதென்றால், முதலில் உள்ளே போய் எழுதியவற்றை நீக்குங்கள். பல தளங்களில் கணக்கு மட்டும்தான் போகும், எழுதியது பெயரில்லாமல் அங்கேயே நிற்கும். கூகுளிடம் முறையிடுவது அப்புறம்தான். கூகுள் காட்டுகிறதே தவிர, பக்கத்தை வைத்திருப்பது வேறொருவர். அங்கே நீக்கிய பிறகும் தேடலில் பழையது தெரிந்தால், காலாவதியான உள்ளடக்கத்தை நீக்கக் கேட்கும் படிவம் கூகுளிலேயே இருக்கிறது. ஐரோப்பாவில், ஐரோப்பிய நீதிமன்றத்தின் 2014 மே மாதத் தீர்ப்புக்குப் பிறகு, பெயரைத் தேடும்போது வரும் சில முடிவுகளை எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். அங்கேயும் அந்தப் பக்கம் இருந்த இடத்தில்தான் இருக்கும்.

இதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே, பழைய ஜிமெயில் முகவரிகளில் ஒருமுறை நுழைந்துவிடுங்கள். இரண்டு வருடம் தொடாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் 2023-இல் விதி கொண்டுவந்துவிட்டது. பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பு அந்தப் பெட்டிக்குத்தான் வரும், பெட்டி போனால் மற்ற கணக்குகளின் சாவியும் அதோடு போகும்.

அந்த மனு இன்னும் அங்கேயே இருக்கிறது. முகவரியை மட்டும் எடுத்துவிடச் சொல்லி இரண்டு தடவை எழுதினேன், பதில் இல்லை. கோபத்தை எடுக்கச் சொல்லவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.