கார்ட்டூன் குடும்ப மரம்: முகத்தைவிடக் கோட்டைப் பாருங்கள்

என் அக்கா மகளுக்கு அப்போது ஏழு வயது. சார்ட் பேப்பரில் குடும்ப மரம் வரைந்து எடுத்து வந்தாள். ஆளுக்கொரு கார்ட்டூன் முகம். அம்மாவுக்கு முட்டைக்கண். எனக்கு முகத்தில் பாதி மூக்குக்கண்ணாடி. தாத்தாவுக்கு மட்டும் வாயே இல்லை. அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. "தாத்தா திட்டினாங்களா? அவங்ககூடப் பேசப் பிடிக்கலையா?" என்று குடைய ஆரம்பித்தாள். குழந்தை கொஞ்ச நேரம் முழித்துவிட்டு என் பக்கம் திரும்பியது. "மீசையப் பெருசா போட்டுட்டேன் சித்தி. வாய் வைக்க எடம் இல்ல."

இந்த மரங்களை வீட்டிலும் பள்ளிப் பிள்ளைகளோடும் வரைந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: வரைவதில் பெரிய சிக்கல் ஒன்றும் கிடையாது. மை காய்வதற்குள் அதற்கு அர்த்தம் சொல்லிவிடத் துடிக்கிறோமே, அங்கேதான் முக்கால்வாசித் தவறும் நடக்கிறது.

இந்த விளையாட்டுக்கு வேர், ஜெனோகிராம் என்கிற உறவு வரைபடம். முர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1950-களில், நோயாளியை மட்டும் தனியாகப் பார்த்தால் போதாது என்று சில குடும்பங்களை மொத்தமாக ஆராய்ச்சி வார்டிலேயே தங்கவைத்துக் கவனித்தார். அந்த வழியில் வளர்ந்த படத்துக்கான குறிகள், மோனிகா மெக்கோல்ட்ரிக்கும் ராண்டி கெர்சனும் 1985-ல் கொண்டுவந்த புத்தகத்துக்குப் பிறகு பரவலாயின. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்கு உள்ளே ஒரு பெருக்கல் குறி. கணவன் மனைவியை இணைக்கும் கோட்டில் ஒரு சாய்கீறல் இருந்தால் பிரிந்து வாழ்கிறார்கள்; இரண்டு இருந்தால் விவாகரத்து. இவற்றுக்கு மேல் உணர்வுக் கோடுகள். நெருக்கத்துக்கு இரட்டைக் கோடு, மூச்சுமுட்டும் நெருக்கத்துக்கு மூன்று கோடு, சண்டைக்கு ரம்பப் பல், ஒட்டாத உறவுக்குப் புள்ளிக்கோடு, பேச்சே அற்றுப்போயிருந்தால் நடுவில் வெட்டிய கோடு. மூன்று தலைமுறையாவது வர வேண்டும். வெறும் சதுரமும் வட்டமும் பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டும் என்பதால் உள்ளே முகம் வரைகிறோம். கார்ட்டூன் நுழையும் அதே வாசலில் முதல் தவறும் நுழைந்துவிடுகிறது.

உணர்ச்சியை முகத்தில் ஏற்றுவது

அத்தைக்குச் சிடுமூஞ்சி, சித்தப்பாவுக்குச் சிரித்த முகம், பாட்டிக்குக் கண்ணீர். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த நிமிடமே அத்தை சிடுசிடுப்பவர் என்று தீர்ப்பாகிவிடுகிறது. யாரிடம் சிடுசிடுக்கிறார், எப்போதிருந்து என்பதெல்லாம் மறைந்துபோகிறது. அதே அத்தை தன் தம்பியோடு உட்கார்ந்தால் வீடு அதிரச் சிரிப்பவராக இருக்கலாம்.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அப்பாவுக்குச் சிவப்பு ஸ்கெட்ச்சால் இரண்டு கொம்பு வரைந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தாளில், எல்லாருக்கும் மூக்கு மட்டும் வைத்து, முகத்தை வெறுமையாக விட்டுவிட்டு, அப்பாவிடமிருந்து ஒவ்வொருவருக்கும் கோடு மட்டும் போடச் சொன்னேன். அம்மாவுக்கு ரம்பப் பல். பாட்டிக்கு மூன்று கோடு. தங்கைக்கு இரண்டு. தன்னிடம் வந்ததும் பேனாவைத் தாளில் வைத்தபடியே இருந்தான். கடைசியில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனான். "எங்கிட்ட சண்டையே போட மாட்டார் மிஸ். பேசவே மாட்டார்." கொம்பு போட்ட படத்தில் இது எங்கேயும் இல்லை.

அதனால் முகத்தைக் கடைசியில் வரையுங்கள். வரைந்தாலும் அடையாளத்துக்காக வரையுங்கள்: தாத்தாவுக்கு மீசை, பெரியம்மாவுக்கு எட்டுக்கல் மூக்குத்தி, மாமாவுக்கு டிவிஎஸ் எக்ஸ்எல். கோபமும் பாசமும் கோட்டில் இருக்கட்டும்.

இருப்பவர்களை மட்டும் எண்ணுவது

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க பாட்டி?" என்று கேட்டால், "நாலு" என்பார். நான்கு முகம் வரைந்து முடித்துவிடுவோம். அதே பாட்டியிடம் கொஞ்சம் பொறுத்து உட்கார்ந்தால், "பெத்தது ஏழு, தங்கினது நாலு" என்று வரும். அந்த மூன்று பேருக்கும் தாளில் இடம் வேண்டும். வயிற்றிலேயே கலைந்ததற்கும், பிறந்து இறந்ததற்கும் தனித்தனிக் குறி உண்டு. குறி மறந்துபோனால் ஒரு சின்னப் பொட்டு வைத்தாலும் போதும். எந்தப் பிள்ளைக்கும் எந்தப் பிள்ளைக்கும் நடுவில் என்பதுதான் முக்கியம். இரண்டு இழப்புக்குப் பிறகு பிறந்த மகனை ஏன் ஐம்பது வயதிலும் "பாத்துப் போ, பாத்துப் போ" என்கிறார் என்பது அந்தப் பொட்டுகளைப் பார்த்தால் தெரியும்.

நம் ஊரில் இதற்கு ஒரு வசதி உண்டு. பெயரே பாதிக் கதையைச் சொல்லிவிடும். பிள்ளை தங்காத வீட்டில் பிறந்ததைக் குப்பையில் போட்டு எடுத்து, குப்புசாமி என்றோ குப்பம்மாள் என்றோ பெயர் வைத்தார்கள். தவிட்டுக்கோ பிச்சையாகவோ வாங்கியதாக நடித்துப் பிச்சை என்றும் வைத்தார்கள். வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில் போதும்பொண்ணு. அந்தப் பெயரோடு பள்ளிக்கூட வருகைப்பதிவில் எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" சொன்ன பெண்ணுக்கு மனசில் என்ன ஓடியிருக்கும் என்று எந்தச் சிரித்த முகமும் சொல்லாது. பெயர்க் காரணத்தைக் கேட்டு முகத்துக்குக் கீழே ஒரு வரி எழுதிவையுங்கள்.

இணையத்து மரத்தில் நம் வீட்டைத் திணிப்பது

இணையத்தில் கிடைக்கும் குடும்ப மரப் படங்களில் அம்மா, அப்பா, இரண்டு தாத்தா, இரண்டு பாட்டி, மேலே ஆப்பிள் பழம் மாதிரி பிள்ளைகள். பெரியப்பாவுக்கு இடம் கிடையாது. கல்யாணமாகாமல் கடைசிவரை வீட்டிலேயே இருந்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பிய அத்தைக்கு இடமே கிடையாது. ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களைச் சுற்றி ஒரு வளையம் போடும் பழக்கம் ஜெனோகிராமில் உண்டு. அதைத்தான் நாம் அதிகம் பயன்படுத்த வேண்டும்.

இன்னொரு சிக்கல், சொந்தத்துக்குள் கல்யாணம். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று கட்டிய வீடுகளில் மரம் வராது. சிக்குக் கோலம்தான் வரும். சுற்றிப்போன கோடு தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வரும். பிள்ளைகள் இதைத் தப்பாக வரைந்துவிட்டோம் என்று நினைத்து அழிப்பதைப் பார்த்திருக்கிறேன். அழிக்க வேண்டாம். சொந்தத்தில் கட்டினால் கல்யாணக் கோட்டை இரட்டையாகப் போட வேண்டும், அவ்வளவுதான். தாய்மாமனையே கட்டிய பெண்ணுக்குப் புருஷனோடு சண்டை வந்தால், அழுதுகொண்டு போவதற்கு வேறு ஒரு வீடு இல்லை. மாமியார் அவளுடைய சொந்தப் பாட்டி. அந்த நெருக்கடி இந்தச் சுற்றுக் கோட்டில்தான் தெரியும்.

உறவுப் பெயரை மட்டும் எழுதுவதும் இங்கே குழப்பும். அத்தை என்றால் அப்பாவின் அக்கா தங்கையா, மாமன் மனைவியா, மாமியாரா? சித்தி என்றால் அம்மாவின் தங்கையா, சித்தப்பாவின் மனைவியா, அப்பா இரண்டாவதாகக் கட்டியவரா? மூன்றும் ஒரே சொல், மூன்று வேறு மனநிலை. நூறு வருஷத்துக்கு முன்பே இதற்கு வழி கண்டவர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். 1901-02-ல் நீலகிரியில் தோடர்களிடம் தலைமுறை தலைமுறையாக வம்சாவளி கேட்டு எழுதிய ஆங்கிலேயர். அப்பா, அம்மா, பிள்ளை, கணவன், மனைவி என்ற ஐந்து சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் ஆள் பெயராகவே வாங்குவது அவர் வகுத்த முறை. நாமும் பெயரை எழுதிவிட்டு, உறவுச்சொல்லை அதன் பக்கத்தில் வைக்கலாம். முதல் உலகப் போரில் மனம் நொறுங்கி வந்த சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்தவரும் இதே ரிவர்ஸ்தான். வம்சாவளியும் மனநலமும் ஒரே மனிதரின் கைக்கு வந்தது எனக்கு என்றும் ஆச்சரியம்.

அறுந்த கோட்டுக்கு வருஷம் போடாமல் விடுவது

பேச்சு இல்லை என்றதும் சண்டை என்று எடுத்துக்கொள்கிறோம். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போய்ப் பாருங்கள். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களில், அண்ணனுக்கு இந்தியக் குடியுரிமை, தம்பிக்கு இலங்கைக் குடியுரிமை என்று பிரிந்தவர்கள் உண்டு. அங்கே கோட்டை அறுத்தது கோபம் இல்லை, அரசாங்கம். வளைகுடாவுக்குப் போன அப்பாவின் புள்ளிக்கோடும் அப்படித்தான். கோட்டின்மேல் எந்த வருஷம், எதனால் என்று நான்கு சொல் எழுதாவிட்டால், பேரப்பிள்ளை அதைப் பகை என்று படித்துக்கொண்டு வளரும்.

இருவரை மட்டும் பார்ப்பது

இரண்டு பேருக்குள் இறுக்கம் கூடினால் மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள் என்று போவன் சொன்னார். முக்கோணம் என்று அதற்குப் பெயர் வைத்தார். மாமியார் மருமகள் நடுவில் மகன் மத்தளமாவதை எல்லாரும் உடனே வரைந்துவிடுகிறார்கள். வரையாமல் விடுவது இந்த முக்கோணத்தை: அப்பா ஹாலில், அம்மா அடுப்படியில், பத்தடி தூரம்தான். "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." குழந்தை போய்ச் சொல்லும். "பசிக்கலன்னு சொல்லு." குழந்தை திரும்பி வரும். இப்படி நான்கு நாள் தூது போன பிள்ளைக்கு வயிற்றுவலி வருகிறது, டாக்டர் ஒன்றும் இல்லை என்கிறார். கணவன் மனைவிக்கு நடுவே ரம்பக் கோடு போட்டதோடு நிறுத்தினால் இந்தப் பிள்ளை படத்தில் அகப்படாது. ஒவ்வொரு சண்டைக் கோட்டையும் பார்த்து, "அந்த நேரத்தில் இவர்கள் யாரிடம் பேசினார்கள்?" என்று கேளுங்கள்.

மற்ற தவறுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். படத்தை வைத்து நோய்ப் பெயர் சூட்டாதீர்கள். "மாமாவுக்கு டிப்ரஷன்" என்பதைவிட "2011-லிருந்து ராத்திரித் தூக்கம் இல்லை" என்று கண்டதை எழுதுவது பயன்படும். மருத்துவரிடம் போகும் நாளில் அவருக்கும் அதுதான் உதவும். "உனக்கு யாரை ரொம்பப் பிடிக்கும்?" என்று பெற்றவர்களை வைத்துக்கொண்டு பிள்ளையிடம் கேட்காதீர்கள். முடித்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். புள்ளிக்கோட்டைப் பார்த்த பெரியம்மா அடுத்த கல்யாணம்வரை பேச மாட்டார்.

பள்ளிக்கூடங்களுக்குத் தனியாக ஒன்று. எனக்குத் தெரிந்த பள்ளி ஒன்றில் குடும்ப மரத்தை மதிப்பெண் போட்டுச் சுவரில் ஒட்டினார்கள். அம்மாவோடு மட்டும் வாழும் பெண், அப்பா கட்டத்தில் டிவியில் பார்த்த ஒரு கார்ட்டூன் பூனையை வரைந்துவிட்டு வந்திருந்தாள். வகுப்பே சிரித்தது. யாருக்கும் கட்டாயம் இல்லை, யாரும் பார்க்கப்போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அந்தப் பூனைக்கு வேலை இருந்திருக்காது.

வரையும்போது பிள்ளை தன்னை யாரோ அடிப்பதாகவோ தொடக்கூடாத இடத்தில் தொடுவதாகவோ சொன்னால், படத்தை மடித்து வையுங்கள். துருவிக் கேட்காமல், சொன்ன வார்த்தையை அப்படியே குறித்துக்கொண்டு, குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். பெரியவர்களுக்கு வரைந்த பின் மனசு கனத்துத் தூக்கம் கெட்டால், அரசின் மனநல உதவி மையமான டெலிமானஸின் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, பேனாவில் வரையாதீர்கள். பென்சிலில் வரைந்து, மூலையில் தேதி போட்டு எடுத்து வையுங்கள். அடுத்த பொங்கலுக்கு எடுத்துப் பார்த்தால் நான்கு கோடாவது மாற்றவேண்டி இருக்கும். என் தாளில் எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் உள்ள கோட்டை இதுவரை மூன்று முறை அழித்துவிட்டேன். அந்த இடத்தில் தாள் மெலிந்து, பின்பக்கம் எழுதியது தெரிகிறது. இப்போதைக்கு அங்கே இருப்பது புள்ளிக்கோடு.