தானியமும் பாலும் இல்லாத சாப்பாடு: குச்சிக்கிழங்கிலிருந்து தொடங்குவோம்

என் மகனுக்கு ஆறு வயது. அரிசி, கோதுமை, கேழ்வரகு, கம்பு, மக்காச்சோளம் எதுவும் வேண்டாம், பாலும் தயிரும் வேண்டாம் என்று மருத்துவர் சொன்ன அன்று, "சோறு இல்லாமல் பிள்ளை எதைத்தான் சாப்பிடுவான்?" என்று அத்தை கண் கலங்கினார். என்னிடமும் பதில் இல்லை. முதல் மாதம் முழுக்க, விலை கூடிய மாவுகளை வாங்கி இட்லி மாதிரி ஒன்று, சப்பாத்தி மாதிரி ஒன்று என்று செய்து பார்த்தேன். ஒரு வாய் மென்றதுமே அவனுக்குத் தெரிந்துவிடும், தட்டைத் தள்ளிவிடுவான்.

பிறகுதான் எங்கள் ஊர் கண்ணில் பட்டது. சேலத்திலிருந்து ஆத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வழியில் குச்சிக்கிழங்குத் தோட்டங்கள். அதுதான் மற்ற ஊர்க்காரர்கள் சொல்லும் மரவள்ளி. கிழங்கைக் கிழங்காகவே சமைத்துக் கொடுத்தால் அதை இட்லியோடு யாரும் ஒப்பிடப் போவதில்லை. இப்போதுதான் இந்தச் சமையலைத் தொடங்கும் அம்மா அப்பாக்களுக்காக, நான் கற்ற வரிசையிலேயே எழுதுகிறேன்.

அடுப்பைப் பற்றவைக்கும் முன்

மருத்துவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். பருப்பும் பயறும் கொடுக்கலாமா? சில உணவுத் திட்டங்களில் அவையும் கூடாது. என் மகனுக்கு அனுமதி உண்டு, கீழே உள்ளவை அதை வைத்தே எழுதியவை. முட்டை, வேர்க்கடலை, எள் ஒத்துக்கொள்ளுமா? நெய் கூடாதா? நெய்யிலும் பால் புரதம் சிறிது தங்கியிருக்கும். கடைசிக் கேள்வி முக்கியமானது: பிரச்சினை குளூட்டன் என்கிற தானியப் புரதம் மட்டும்தானா? அப்படியானால் விலக்க வேண்டியவை கோதுமை, பார்லி, ரை ஆகியவைதான்; அரிசியையும் சிறுதானியத்தையும் வீணாக நிறுத்த வேண்டாம். சீலியாக் நோய்க்கான (குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் நோய்) பரிசோதனை பாக்கி இருந்தால், அது முடியும்வரை நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.

வளரும் பிள்ளைக்கு இவ்வளவு உணவுகளை நம் விருப்பத்துக்கு விலக்கக் கூடாது. உணவியல் நிபுணரைப் பாருங்கள். எடையையும் உயரத்தையும் தவறாமல் குறித்து வையுங்கள்.

அஞ்சறைப்பெட்டியைக் கொட்டிப் பாருங்கள்

எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் இவனுக்கு வயிற்றுவலி நிற்கவில்லை. ஒருநாள் பெருங்காய டப்பாவைத் திருப்பி, பின்னால் எறும்பு மாதிரி அச்சிட்டிருந்ததைப் படித்தேன்: கோதுமை மாவு. தூள் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ அரிசி மாவோ கலந்துதான் வரும். தினமும் தாளிப்பில் ஒரு சிட்டிகை போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அன்றோடு பெருங்காயத்தை நிறுத்தி, பூண்டைத் தட்டிப் போட ஆரம்பித்தேன்.

சாம்பார் பொடி, இட்லிப் பொடி, சோயா சாஸ், பேக்கிங் பவுடர், கடை மசாலா எல்லாவற்றின் பின்பக்கத்தையும் படியுங்கள். அரிசி மாவு அரைக்கும் கிரைண்டரில் இவனுக்கு அரைப்பதில்லை. தனி மிக்ஸி ஜார், தனி தோசைக்கல், தனி கரண்டி வைத்திருக்கிறேன்.

குச்சிக்கிழங்கு: இதை மட்டும் அவசரப்படாமல் கற்றுக்கொள்ளுங்கள்

அஸ்தம்பட்டி உழவர் சந்தையில் காலையிலேயே வாங்கிவிடுவேன். பறித்த கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பிக்கும். ஓரிடத்தில் ஒடித்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே பால்வெள்ளையாக இருக்க வேண்டும். நீலமோ கறுப்போ கோடு ஓடியிருந்தால் வேண்டாம்.

அரைக் கிலோ கிழங்கை மூன்று அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். மேலே பழுப்புத் தோல், அதற்கடியில் இளஞ்சிவப்பாக ஒரு தடித்த தோல் இருக்கும். நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, கத்தி முனையை அந்த இரண்டாம் தோலுக்கு அடியில் நுழைத்து நெம்பினால், இரண்டும் சேர்ந்து சட்டை கழற்றுவது போல் உரிந்து வரும். துண்டை இரண்டாகப் பிளந்து நடு நாரை எடுத்துவிடுங்கள்.

பச்சைக் கிழங்கில் சயனைடு உண்டாக்கும் சேர்மங்கள் இருக்கின்றன. அதனால் பச்சையாக ஒரு துண்டு கூடக் குழந்தை வாயில் போகக் கூடாது. அகலமான பாத்திரத்தில் கிழங்கு மூழ்கத் தாராளமாகத் தண்ணீர் விட்டு, உப்புப் போட்டு, மூடாமல் இருபது, இருபத்தைந்து நிமிடம் வேகவிடுங்கள். குத்தினால் முள்கரண்டி வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். தண்ணீரை முழுக்க வடித்துக் கொட்டிவிடுங்கள்; குழம்பில் சேர்க்காதீர்கள். கசக்கும் கிழங்கைத் தயங்காமல் தூக்கி எறியுங்கள்.

வெந்த கிழங்கை உதிர்த்து, கடலை எண்ணெயில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் தாளித்து, மஞ்சள்தூளும் தேங்காய்த்துருவலும் சேர்த்துப் புரட்டினால் காலை டிபன் முடிந்தது. மதியத்துக்கு வெறும் கிழங்கின் மேல் நாட்டுக்கோழிக் குழம்பு.

பச்சைப்பயறு தோசை

ஒரு கப் பச்சைப்பயறை இரவே ஊறவைத்து, காலையில் இஞ்சி, சீரகம், உப்பு சேர்த்து அரையுங்கள். புளிக்க வேண்டாம், அரிசியும் வேண்டாம். மிதமான தீயில் மெல்லியதாக வார்த்து, ஓரம் தானாக எழும்பிய பிறகு திருப்புங்கள். முருங்கைக்கீரையை உருவி மாவில் கலந்தால் ஓரளவு கால்சியமும் போகும்.

ஜவ்வரிசி: பெயரில் மட்டும்தான் அரிசி

அத்தை முதலில் இதைத் தடுத்தார், அரிசி என்று பெயர் இருக்கிறதே என்று. குச்சிக்கிழங்கு மாவில் செய்வதுதான் ஜவ்வரிசி. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. ஆனால் மக்காச்சோள மாவு கலப்பதாகப் புகார் எழுவதும் இங்கே புதிதல்ல. அதனால் உதிரியாக வாங்காமல், என்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சிட்ட பாக்கெட்டாக வாங்குங்கள். மக்காச்சோளம் சிறிதும் ஆகாத பிள்ளை என்றால் கிழங்கே போதும்.

கால் கப் ஜவ்வரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, கண்ணாடி போல் ஆகும்வரை தண்ணீரில் வேகவிட்டு, வெல்லப்பாகு சேர்த்து, அடுப்பை அணைத்த பிறகு தேங்காய்ப்பால் ஊற்றுங்கள். கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துவிடும். இதில் மாவுச்சத்தைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை, அதனால் கூடவே ஒரு முட்டையோ சுண்டலோ வைக்கிறேன். தேங்காய்ப்பாலும் பாலுக்கு ஈடாகாது. அதில் கால்சியமும் புரதமும் குறைவு. நெத்திலி, கீரை, எள்ளுருண்டை என்று வேறு வழியில் ஈடுகட்ட வேண்டும், அது போதுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஏற்காட்டுக்குப் போய்வருகிறவர்களிடம் பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) வாங்கிவரச் சொல்வேன். அதை வாழைப்பழத்தோடும் தேங்காய்ப்பாலோடும் அடித்துக் குளிரவைத்தால் அதுதான் எங்கள் வீட்டு ஐஸ்கிரீம்.

தட்டுவடை செட்

மகன் அழுதது சோற்றுக்காக அல்ல. சாயங்காலம் தெருமுனைத் தள்ளுவண்டியில் மற்ற பிள்ளைகள் தட்டுவடை செட் சாப்பிடுவதைப் பார்த்துத்தான் அழுதான். தட்டுவடை அரிசி மாவில் செய்வது; இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் காயும் வைப்பதுதான் செட். நான் இப்படிச் செய்கிறேன்:

தோல் உரித்த கிழங்கைப் பிளக்காமல் முழுத் துண்டாகவே முன் சொன்னபடி முள்கரண்டி இறங்கும்வரை வேகவைத்து, குழையும் முன் இறக்கி, தண்ணீரை வடித்துவிட்டு நன்றாக ஆறவிடுங்கள். சூட்டில் நறுக்கினால் உடையும். கால் அங்குலக் கனத்தில் வட்டமாக நறுக்கி, நடுவில் துருத்தும் நாரைப் பிடித்து இழுத்துவிடுங்கள். தோசைக்கல்லில் எண்ணெய் தாராளமாக விட்டு, இரண்டு பக்கமும் பொன்னிறமாகி ஓரம் மொறுமொறுக்கும்வரை விடுங்கள். ஒரு வில்லையில் மல்லி-புதினாச் சட்னி, இன்னொன்றில் மிளகாய் குறைத்த பூண்டுச் சட்னி தடவி, நடுவே துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம் வைத்து மூடி அழுத்துங்கள். உடனே சாப்பிட வேண்டும், ஆறினால் சவசவத்துவிடும்.

சாயங்காலம் வீட்டில் எல்லோருக்கும் இதே செட்தான். அவனுக்கென்று தனித்தட்டு கிடையாது. பீட்ரூட் வைப்பது அவன் வேலை. அத்தைக்கு மட்டும் வெங்காயம் கூடுதலாக வைக்கிறான்.